பிரதி ஒப்புநோக்கலும் கணினியும்

ஒரு நூலின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து, ஒருவர் படிக்க மற்றொருவர் பார்த்து, வேறுபட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுதல் தமிழ் பயில்வார்க்குப் புதிய தொழிலன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியது இத்தொழிலின் பயனேயாம். இவ்வேலையைக் கணினி இந்நாளிற் கண்ணிமைப்பொழுதிற் செய்து முடிக்கின்றது. அஃது எவ்வாறு செய்கின்றது, தமிழெழுத்தின்முன் எவ்விடத்திற் தடுமாறுகின்றது என்பவற்றை யான் அறிய நேர்ந்தது என் பிழையொன்றால். ஆகலின் அப்பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

என் ஊர் இராஜபாளையம். என் வகுப்பு நண்பர் ஸ்ரீவில்லிபுத்தூரினர். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பேருந்தில் அரைமணி நேரப் பயணமே. சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் எங்கள் ஊர் முதியோர் பாடும் தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் கேட்டெழுதித் தொகுத்தோம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் பாடியவருடைய ஊரைக் குறித்தோம். முதற்பிரதியை யான் என் கைப்பேசியில் எழுதினேன். அதனை நண்பர் தம் கணினிக்கு மாற்றிக்கொண்டு, தம் பாட்டியாரிடம் சென்று, ஒவ்வொரு பாட்டாகப் படித்துக் காட்டித் திருத்தி வந்தார். அவ்வம்மையார் சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரொன்றிற் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர், படிப்பறியாதவர், ஆனால் ஒரு சொல் பிறழ்ந்தாலும் பொறாதவர். ஒரு தாலாட்டில் யான் ‘கோடை’ என்று எழுதியிருந்ததை நண்பர் படித்தவுடன், “கோடையில்லடா, கொடை! எங்க ஊருக் கோயில் கொடை!” என்று கடிந்துகொண்டாராம். தென்பாண்டிச் சீமையிற் கொடை என்பது ஊர்த்தெய்வத்திற்கு எடுக்கும் விழாவென்பதை யான் அதன்முன் அறியேன்.

அம்முதியவர் ஐப்பசி மாதத்தில் இறந்துபோனார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிலநாள் முன்னர், யான் என் பங்கிற் சில புதிய பாட்டுக்களைச் சேர்த்த பிரதியை எங்கள் இருவர்க்கும் பொதுவான கோப்புறையில் இட்டேன். அங்கே அதே பெயருடன் இருந்த நண்பருடைய பிரதியின்மேல் என் பிரதி அமர்ந்து அதனை அழித்துவிட்டது. திருத்தங்கள் அத்தனையும் போயின. கேட்டுத் திரும்ப எழுதலாமெனின் சொல்வாரில்லை. நண்பர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று.

எஞ்சியிருந்தது ஒன்றே. நண்பருடைய தமையனார் கணினித்துறையிற் பணிபுரிபவர். திருத்திய பிரதியை முழுவதும் அனுப்பாமல், மாறிய இடங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரு சிறு கோப்பாக அனுப்புமாறு அவர் தம்பிக்குக் கற்பித்திருந்தார். அக்கோப்பு அவருடைய மின்னஞ்சலிற் கிடந்தது. அதனில் 41 திருத்தங்கள் இருந்தன. இத்தகைய கோப்பை ஆங்கிலத்தார் ‘பேட்ச்’ என்பர். கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயராகலின், ஈண்டும் ஒட்டு என்றே வழங்குவேன்.

ஒட்டு என்பது யாதென அறிய, முதற்கண் கணினி இரண்டு பிரதிகளை ஒப்பிடும் முறையை அறிதல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் என்பார் ஆக்கிய ‘டிஃப்’ என்னும் நிரல் 1974-இல் யூனிக்ஸ் இயங்குதளத்துடன் வெளிவந்தது. அவரும் ஜேம்ஸ் ஹண்ட் என்பாரும் அதன் முறையை 1976-இல் எழுதி விளக்கினர். இரண்டு பிரதிகளிலும் முன்பின் முறை மாறாமல் வரும் பொதுப்பகுதிகளுள் மிக நீண்ட தொடரைக் கண்டுகொள்க. அதனுட்படாமல் பழைய பிரதியில் எஞ்சியது நீக்கம். புதிய பிரதியில் எஞ்சியது சேர்க்கை. அவ்வளவே அதன் அடிப்படை. ஆயின் மிக நீண்ட தொடரை விரைவாகக் காண்பதெப்படி என்பதே அறிஞரை வருத்திய வினா.

நேர்நேராகத் தெருக்கள் அமைந்த ஓர் ஊரை எண்ணிப்பார்க்க. அதன் வடமேற்கு மூலையில் நாம் நிற்கின்றோம்; தென்கிழக்கு மூலைக்குச் செல்லல் வேண்டும். கிழக்கே ஒரு தெருவைக் கடந்தால் பழைய பிரதியில் ஓரெழுத்தை நீக்கினோமென்றும், தெற்கே ஒரு தெருவைக் கடந்தால் புதிய பிரதியின் ஓரெழுத்தைச் சேர்த்தோமென்றும் கொள்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காசு சுங்கம் உண்டு. இரண்டு பிரதியும் ஒத்த எழுத்தைக் காட்டும் முனைகளில் மட்டும் தென்கிழக்காக ஒரு குறுக்குச் சந்து உண்டு. அதில் நடப்பார்க்குச் சுங்கமில்லை. மிகக் குறைந்த காசிற் சென்று சேரும் வழியே மிகச் சிறிய வேறுபாட்டுப் பட்டியலாகும். எடுத்துக்காட்டாக, ‘ராஜபாளையம்’ என்று சிலரும் ‘இராசபாளையம்’ என்று சிலரும் எங்கள் ஊர்ப்பெயரை எழுதுவர். முன்னதைப் பின்னதாக்குதற்கு இகரத்தைச் சேர்க்க ஒரு காசு. ‘ரா’ என்பதைச் சந்திற் கடக்கலாம். ஜகரத்தை நீக்க ஒரு காசு, சகரத்தைச் சேர்க்க ஒரு காசு. ‘பாளையம்’ முழுதும் சந்திலேயே கழியும். ஆக மூன்று காசு.

ஊரிலுள்ள முனைகள் அனைத்தையும் சுற்றிப் பார்த்தே வழி காண்பதாயின், பதினாயிரம் எழுத்துடைய இரண்டு பிரதிகளுக்குப் பத்துக்கோடி முனைகளைப் பார்த்தாக வேண்டும். யூஜின் மையர்ஸ் என்பார் 1986-இல் வெளியிட்ட முறை இதனைத் தலைகீழாக எண்ணியது. காசே இல்லாமல் எவ்வளவு தொலைவு செல்லலாம்? ஒரு காசுடன் எவ்வளவு தொலைவு? இரண்டு காசுடன்? இவ்வாறு காசை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மிக அகன்று சென்ற இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுதலே அம்முறை. இதன் உழைப்பு, இரண்டு பிரதிகளின் நீளத்தைக் கூட்டி வேறுபாடுகளின் எண்ணிக்கையாற் பெருக்கிய அளவைத் தாண்டாது. மேற்சொன்ன பிரதிகளில் வேறுபாடு இருபதேயாயின் நான்கு லட்சத்தில் முடியும். பத்துக்கோடியெங்கே, நான்கு லட்சமெங்கே! பெரும்பாலும் ஒத்திருக்கும் பிரதிகளையே நாம் ஒப்பிடுகின்றோமாகலின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இம்முறையைப் பிறர் தம் நிரல்களில் வேண்டியபோது எடுத்தாளுமாறு ஆக்கிவைத்த தொகுதிகளை மென்பொருள் நூலகம் என்பர். நீல் ஃபிரேசர் என்பார் கூகுள் நிறுவனத்தில் 2006-இல் ஆக்கியதொன்று. ஒரே ஆவணத்திற் பலர் எழுதும் கூகுள் டாக்ஸ் என்பதற்காகத் தோன்றியது. அது முதலில் இரு பிரதிகளின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒத்த பகுதியை வெட்டியெறிந்துவிட்டு நடுவில் எஞ்சியதை மட்டும் ஒப்பிடும். ஏடு பார்ப்போரும் அங்ஙனமே செய்வர். ஒத்துப்போகும் பக்கத்தில் விரல் நிற்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, பழைய வடிவையும் புதிய வடிவையும் அருகருகே வண்ணமிட்டுக் காண்போர், ‘விக்கிடிஃப்2’ என்னும் வேறொரு நூலகத்தின் வேலையைக் காண்கின்றனர். எங்கள் ஈரூரும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை; அவ்வாண்டில் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. பழைய நூலைப் பார்த்து ஒருவர் முன்னதை எழுத, மற்றொருவர் வந்து பின்னதாகத் திருத்துவாராயின், இன்னார் இன்ன நாளில் இன்ன சொல்லை மாற்றினாரென்பது அங்கே ஒளியாது.

இனி ஒட்டின் இயல்பைக் காண்போம். லாரி வால் என்பார் 1985-இல் ‘பேட்ச்’ என்னும் நிரலை வெளியிட்டார். டிஃப் கண்ட வேறுபாட்டைப் பிறிதொரு பிரதியின்மீது ஏற்றுவது அதன் தொழில். ஒட்டுக் கோப்பில் நீக்கிய வரியின்முன் கழித்தற்குறியும் சேர்த்த வரியின்முன் கூட்டற்குறியும் இருக்கும். அவற்றின் மேலும் கீழும் மாறாத வரிகள் மும்மூன்று காட்டப்பெறும். இவ்வயல்வரிகளே ஒட்டின் உயிர். ‘120-ஆம் வரியைத் திருத்துக’ என்று மட்டும் சொன்னால், இடையிற் புதிய பாட்டொன்று சேர்ந்த பிரதியில் அத்திருத்தம் வேறொரு பாட்டிற் சென்று விழும். ‘இன்ன வரிக்குப் பின்னும் இன்ன வரிக்கு முன்னும் நிற்பதைத் திருத்துக’ என்று சொன்னாலோ, இடம் பெயர்ந்திருந்தாலும் தேடிக் கண்டுகொள்ளலாம். வீட்டெண் அறியாதவன் ‘வேப்பமரத்துக்கு அடுத்த ஓட்டுவீடு’ என்று கேட்டு வருவது போல்வது இது. அயல்வரிகளில் மிகப் புறத்திலுள்ள ஒன்றிரண்டு மாறியிருந்தாலும் நிரல் பொறுத்துக்கொள்ளும். ஒட்டிநிற்கும் வரியே பொருந்தாவிடின் அத்திருத்தத்தை ஏற்காது தனிக்கோப்பில் ஒதுக்கிவைக்கும்.

யான் பல புதிய பாட்டுக்களைச் சேர்த்திருந்தமையால் வரியெண்கள் யாவும் மாறியிருந்தன. ஆயினும் தமையனார் தந்த ஒட்டை என் பிரதியின்மேல் ஏற்றியபோது 34 திருத்தங்கள் தத்தம் இடத்திற் சென்று பொருந்தின. கண்ணாற் கண்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எஞ்சிய ஏழும் ஒதுக்கப்பட்டன. அவ்வேழனுள் ‘கொடை’யும் ஒன்று.

ஒதுக்கியவற்றை எடுத்து வைத்து, என் பிரதியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அயல்வரிகள் அப்படியே இருந்தன; ஒரு புள்ளியும் வேறுபாடில்லை. கணினி பொய் சொல்கின்றதென்றே எண்ணினேன். நண்பர்தாம் முதலிற் கவனித்தார்: ஏழனுள் ஆறு திருத்தங்களின் பக்கத்துவரியில் அவருடைய ஊர்ப்பெயர் இருந்தது. பிறகு என் பிரதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதை அவர் தம் கணினியில் தட்டச்சிட்டுத் தேடினார். பக்கந்தோறும் கண்ணுக்குத் தெரியும் அப்பெயர் ‘இல்லை’ என்றது கணினி.

இதற்குக் காரணம் ஒருங்குறியில் உள்ளது. கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் இட்ட எண்ணே தெரியும். ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்துத் தொடக்கத்தில் ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக்குறி என்னும் நான்கெண்களால் எழுதப்பட்டது. வடமொழியில் அச்சொல்லின் முதலெழுத்து ஸகரமன்று, ஶகரமாகும். அவ்வெழுத்துக்கு 2005-இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் தனியிடம் தரப்பட்டது. அதனால் ஶகரத்தை முதலாகவுடைய மற்றொரு நான்கெண் தொடரும் வழக்கிற்கு வந்தது. இரண்டும் திரையில் ஒரே வடிவமாகத் தோன்றும். உலகில் இரண்டும் பரவிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே கொள்க என்று ஒருங்குறி நூலும் பரிந்துரைக்கின்றது. பரிந்துரையைக் கேளாத நிரல்கள் பல. என் கைப்பேசி ஒருவகையால் எழுதியது. நண்பர் அதனைத் தம் கணினிக்கு மாற்றியபோது, எழுத்துக்களை ஒழுங்குபடுத்துவதற்கென்று ஒரு சிறு நிரலின் வழியாகச் செலுத்தினார். அது ஸ்ரீயையெல்லாம் மற்றொரு வகையாக மாற்றிவிட்டு வாய்திறவாதிருந்தது. ஒட்டின் அயல்வரியில் ஒருவகை, என் பிரதியில் மற்றொருவகை. எங்ஙனம் பொருந்தும்?

‘கொ’ முதலிய எழுத்துக்களிலும் இவ்விருமை உண்டு. ககரத்தின்பின் ஒகரக்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரண்டெண்களாகவும் எழுதலாம். ஆயின் இவை இரண்டும் ஒன்றென்பது ஒருங்குறி விதியிலேயே உள்ளமையால், ஒப்பிடுமுன் இரு பிரதிகளையும் ஒருமைப்படுத்தும் நிரல் இவ்வேறுபாட்டை நீக்கிவிடும். ஸ்ரீயின் வேறுபாட்டை அவ்வொருமைப்படுத்தல் தீண்டாது. அதனை நாமே தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவு தொல்லையும் என் நண்பர் ஊர்க்கே உரியது. எங்கள் ஊர்ப்பெயரில் ஸ்ரீ இல்லை என்று அவரிடம் பெருமை பேசினேன். இகரம் சேர்ப்பதா வேண்டாமா, ஜகரமா சகரமா என்று முதலில் உம் ஊரார் முடிவு செய்யட்டும் என்றார் அவர்.

பழைய ஏடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடார். ரகரத்திற்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இரட்டைக்கொம்பைக் கொண்டு நெடிலைப் பிரித்துக் காட்டினாரென்பர். அதற்கு முற்பட்ட முறையில் எழுதிய ஏட்டிற் கொடையும் கோடையும் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவரே இடம்நோக்கிப் பிரித்தறிவர். ஏட்டில் வெவ்வேறெழுத்து ஒருவடிவாகத் தோன்றிற்று. கணினியில் ஓரெழுத்தே இருவேறெண்களாக ஒளிந்திருக்கின்றது. ஏட்டைக் கண்டு ஐயுற்றவர் ஐயமென்பதையாவது அறிந்தனர். யானோ ஐயுறுதற்கும் இடமின்றி இருந்தேன்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இங்கே வியப்பளிக்கும் செய்தி இன்னொன்று உண்டு. இலக்கணநூலார் க் என்னும் மெய்யை ஓரெழுத்தாகவும், க என்பதை அம்மெய்யும் அகரமும் கூடிய உயிர்மெய்யாகவும் கொள்வர். கணினியோ க என்பதற்கு ஓரெண்ணும், க் என்பதற்குக் ககரம், புள்ளி என இரண்டெண்ணும் வைத்திருக்கின்றது. கூட்டியது தனித்ததாயிற்று, தனித்தது கூட்டாயிற்று. ‘பால்’ என்பது ‘பாலை’ என்றாகும்போது லகர மெய்யின்மேல் ஐகாரம் ஏறிற்றென்று நாம் கூறுவோம். புள்ளியை நீக்கி ஐகாரக்குறியைச் சேர்த்தேன் என்று கணினி கூறும். இவ்வேறுபாட்டை வண்ணமிட்டுக் காட்டும்போது, சார்ந்துநிற்க எழுத்தில்லாத குறி ஒரு புள்ளிவட்டத்தைத் துணைக்கொண்டு தனியே நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். பார்க்கச் சகியாத காட்சி அது. ஆதலால் தமிழுக்கு ஒப்பிடும் நிரல் எழுதுவோர் எண்ணெண்ணாகப் பிரியாமல், உயிர்மெய்யை ஓரலகாகக் கொண்டு ஒப்பிடுதல் நலம். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு ஏற்றுக்கொண்ட டேஸ்16 என்னும் முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் உண்டு. ஆயினும் பொதுவழக்கில் ஒருங்குறியே நிலைத்தது.

எழுத்தலகின் வேறுபாடு கணக்கையும் மாற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதில் நம் கண்ணுக்கு எட்டெழுத்து, கணினிக்குப் பதினெட்டெண். ஃபிரேசருடைய நூலகம் ஒட்டுக்குரிய இடத்தைத் தேடும்போது ஒருமுறைக்கு 32 எண்களுக்கு மேற்பட்ட தொடரைத் தேடுவதில்லை. நீண்டதைத் துண்டாக்கியே தேடும். ஆங்கிலத்தில் 32 எழுத்தென்றால் நான்கைந்து சொற்கள் அடங்கும். தமிழில் அவ்வூர்ப்பெயர் ஒன்றே பாதிக்குமேற் கொள்ளும். சொல்லலகாக ஒப்பிடலாமெனின், வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் ஒட்டிய நெடுஞ்சொற்கள் நம்முடையவை. இறுதியில் ஓர் உம்மை கூடினாலும் சொல் முழுதும் மாறியதாகக் காட்டும். முதலிற் சொல்லாகவும், பின் மாறிய சொல்லினுள் எழுத்தாகவும் ஒப்பிடுதலே பொருந்துமென்பது என் கருத்து.

இவற்றையெல்லாம் அறிந்தபின் செய்தது மிகச் சிறிது. என் பிரதியிலும் ஒட்டிலும் உள்ள ஸ்ரீ அனைத்தையும் ஒருவகையாக மாற்றி மீண்டும் ஏற்றினோம். ஆறு திருத்தங்கள் உடனே பொருந்தின. கோடை கொடையாயிற்று.

ஏழாவது பொருந்தவில்லை. அதில் ஊர்ப்பெயர் இல்லை, எண்குழப்பமும் இல்லை. ஓர் ஒப்பாரியில் ஒரே வரியை நண்பர் தம் பாட்டியார் சொற்படி ஒருவகையாகவும், யான் எங்கள் தெருவிலுள்ள மற்றொரு மூதாட்டி பாடக் கேட்டு வேறொருவகையாகவும் திருத்தியிருந்தோம். நண்பருடைய தமையனார், முதற்பிரதியையும் எங்கள் இரு திருத்தங்களையும் சேர்த்து மூன்றையும் ஒருங்கே ஒப்பிடும் மற்றொரு நிரலில் அதனை இட்டுப் பார்த்தார். ஒருவர் மட்டும் மாற்றிய இடமாயின் அந்நிரல் தானே ஏற்றுக்கொள்ளும். இருவரும் மாற்றிய இடமாகலின் இரண்டு வடிவையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டிக் கோடிட்டு நிறுத்திவிட்டது. அம்மையார் இருந்திருப்பின் கேட்டிருப்போம். இரண்டு நாள் வழக்காடிய பின்னர், நண்பருடைய பாட்டியார் பாடியதை மேலேயும், எங்கள் தெரு மூதாட்டி பாடியதை அடிக்குறிப்பில் பாடபேதமென்றும் எழுதிவைத்தோம்.